நியூட்ரினோவுக்கு ஒரு தீர்ப்பு

ஆமா அண்ணாச்சி, நீங்க நெனச்ச ஆளேதான். டிவியில வர்றதும் நான்தான், செல்போன்ல சுத்திக்கிட்டிருக்குற அந்தத் துண்டு வீடியோவுல வர்றதும் நான்தான். சிரிப்பருவி சங்கரலிங்கம். ஜிப்பாவும் சால்வையும் இல்லாததால ஒரு நிமிஷம் சந்தேகமாப் பாத்தீங்க, இல்ல? இன்னிக்கு வேணும்னேதான் சாதாச் சட்டையில கெளம்புனேன். எதுக்குன்னு சொல்றேன். பையை மேல வச்சிருங்க. ஜன்னலோரம் எனக்கு வேணும், தப்பா நெனைக்காதீங்க, காத்து இல்லாட்டி இன்னிக்கு நெஞ்சை அடைக்குது.

நீங்களும் மதுரைதானே? இந்த பஸ்ஸுல ஏறுனா மதுரைதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிறலாம்.

ஒண்ணே ஒண்ணு. நான் பேசுறப்ப நடுநடுவுல நீங்க 'ம்' கொட்டணும். மேடையில கைதட்டு, கீழ 'ம்'. ரெண்டும் இல்லாட்டி எனக்குப் பேச்சு வராது. என் மக முல்லைக்கொடி சின்னப் பிள்ளையில என் மடியில படுத்துக்கிட்டு 'ம்' கொட்டுவா பாருங்க, நான் மறுநாள் பேசப் போறதை ஒத்திகை பாப்பேன், அவ ஒரு எழுத்துப் புரியாம 'ம்... ம்'னு சொல்லிக்கிட்டே இருப்பா. தூங்கிட்டாளான்னு பேச்சை நிறுத்துவேன். தூக்கத்துலயே 'ம்' வரும். அவளாலதான் நான் பேச்சாளன் ஆனேன்னு எத்தனையோ மேடையில சொல்லியிருக்கேன்.

அந்த முல்லைதான் இன்னிக்கு எனக்கு இந்த அவமானத்தை... இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. அவமானம் எனக்குத்தான். அவ பண்ணது இல்ல. பண்ணது யாருன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

முல்லை இயற்பியல். நியூட்ரினோன்னு ஒரு துகள், கேள்விப்பட்டிருப்பீங்க, அதுல ஆராய்ச்சி. எங்க ஊரு சாத்தூர் பக்கம். டீக்கடையில கேப்பாங்க, "சார், பாப்பா என்ன பண்ணுது?" "ஆராய்ச்சி." "எதுல?" "நியூட்ரினோ." "மருந்துங்களா?" "இல்லப்பா, துகள்." "அதை வச்சு என்ன செய்வாங்க?" அங்க நான் மாட்டிக்கிருவேன். ஊரு உலகத்துக்கெல்லாம் வாய் கிழியப் பேசுற ஆளு, சொந்த மக என்ன படிக்கிறான்னு கேட்டா முழிக்கிறான். உள்ளுக்குள்ள கூசும் அண்ணாச்சி. அதுக்கு அடுத்த கேள்வி என்னன்னு உங்களுக்குத் தெரியும். "கல்யாணம் எப்ப?" டீயைப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சிருவேன்.

போன மாசிக் கடைசியில லீவுக்கு வந்திருந்தா. சாப்பிட உக்காந்தப்ப நானே கேட்டேன். "எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லும்மா, நீ என்னதான் தேடுற?" அவ முகம் மலர்ந்ததைப் பாக்கணுமே. சொன்னா. சூரியன்லேருந்து கோடி கோடியா அந்தத் துகள் கெளம்பி வருதாம். இந்தா, என் கையில நுழையுது, சோத்துத் தட்டுல நுழையுது, தரையில நுழைஞ்சு பூமிக்கு அந்தப் பக்கம் போயிருது. அனேகமா எதுலயும் முட்டுறதே இல்லையாம். "எதுலயும் முட்டலைன்னா அதுக்கு எடை எதுக்கு?"ன்னு கேட்டேன். "எடையே இல்லன்னுதான்பா ரொம்ப நாள் நெனச்சாங்க. இப்ப இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எவ்வளவுங்கிறதுதான் இன்னும் பிடிபடல"ன்னா.

பாத்துக்கோங்க. இருக்குன்னு அவ சொன்னா. என் காதுல கேட்டேன். ரசம் ஊத்திக்கிட்டே கேட்டேன். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ம்? சரி, சரி. 'ம்'தான் கொட்டுனீங்களா. நல்லது.

மறுநாள் பால்பாண்டியண்ணன் வீட்டுக்கு வந்தாரு. பாத்திரக்கடை வச்சிருக்காரு, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கமிட்டிக்குத் தலைவர். வருஷா வருஷம் ரெண்டாம் நாள் பட்டிமன்றம் என் தலைமையிலதான். "சார், மாமியாரா மருமகளா, வீடா வேலையா, எல்லாம் சலிச்சுப் போச்சு. இந்த வருஷம் புதுசா ஒண்ணு போடுங்க"ன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிஞ்சா நான் ஏன் பட்டிமன்றத்துக்குப் போறேன்? பளிச்சுன்னு சொன்னேன்: "கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவுக்கு எடை உண்டா, இல்லையா?" அவரு அசந்துட்டாரு. "'உண்டு' அணிக்குத் தலைவி யாரு தெரியுமா? என் மக!"ன்னேன்.

முல்லை உள்ளேருந்து வந்தா. "அப்பா, இது பேசி முடிவு பண்ற விஷயமில்ல. இதுல ரெண்டு பக்கம் கெடையாது"ன்னா. "ரெண்டு பக்கம் இல்லாத விஷயமே உலகத்துல இல்லம்மா"ன்னேன். "இருக்குப்பா"ன்னா. நான் விடல. கெஞ்சுனேன். ஆமா, சத்தியமாக் கெஞ்சுனேன். "ஊரே உன்னை என்னமோ வேலைவெட்டி இல்லாம ஹாஸ்டல்ல உக்காந்திருக்கான்னு நெனைக்குது. மேடையில ஏறி நீ யாருன்னு காட்டு. அப்பாவுக்காக"ன்னேன். கடைசியில சரின்னா. என் எண்ணம் நல்ல எண்ணம்தான் அண்ணாச்சி. அதை மட்டும் நீங்க நம்பணும்.

அவ எவ்வளவு பாடுபட்டாத் தெரியுமா? அடுப்படியில நின்னு அவ அம்மா வடிவுகிட்டப் பேசிப் பேசிப் பாப்பா. வடிவு வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேப்பா. புரியலன்னா "இந்த எடம் வெளங்கல"ம்பா. இவ திரும்ப வேற மாதிரிச் சொல்வா. கடைசியில வடிவுக்கே வெளங்கிருச்சு. நான் அடுப்படிக்குப் போகல. நடுவர் முன்கூட்டியே கேக்கக் கூடாதுன்னு ஒரு கொள்கை.

இருங்க, என்னமோ சொல்ல வர்றீங்க. இதை முடிச்சிர்றேன், மறந்துரும்.

அன்னிக்குக் கூட்டம்னா கூட்டம். 'இல்லை' அணிக்குக் கலகல காமாட்சிநாதன். அவன் வாயைத் தெறந்தா சனம் சிரிக்கத் தயாராயிரும். "எடை இருக்காமே! இருந்தா ரேஷன் கடைத் தராசுல வச்சுக் காட்டச் சொல்லுங்க. அங்க சீனியையே எடை போட மாட்டேங்கிறான்!" அம்புட்டுத்தான், கூட்டம் ஆடிப் போச்சு. "கோடிக்கணக்குல என் உடம்புக்குள்ள நுழையுதாம். நுழையட்டும். என் சம்சாரம் என்னைத் தூக்கிப் பாத்துட்டா, ஒரு கிராம் கூடலங்கிறா!" சின்னப் பிள்ளைக எல்லாம் பெஞ்சு மேல ஏறி நின்னு விசிலடிக்குது. அதுக இயற்பியலை என்னத்தைக் கண்டுச்சு?

அப்புறம் முல்லை. கைத்தறிச் சேலை கட்டியிருந்தா. மைக் அவ உயரத்துக்கு இல்ல, யாரும் இறக்கி விடல, நானும் இறக்கி விடல. எட்டி எட்டிப் பேசுனா. அவ பேச்சுல சிரிப்பு இல்ல. ஆனா தெளிவா இருந்துச்சு, நான் பொய் சொல்லக் கூடாது. "இந்தத் துகள்ல மூணு வகை இருக்கு. சூரியன்லேருந்து ஒரு வகையாக் கெளம்புது. இங்க வந்து சேர்றப்ப அதுல பாதிக்கு மேல வேற வகையா மாறியிருக்கு. மாறுதுன்னா..."

அப்ப நான் மணி அடிச்சேன்.

நடுவர் மணி. பித்தளை. எனக்குன்னு தனியா வாங்குனது. நேரம் முடிஞ்சாத்தான் அடிக்கணும். நேரம் முடிஞ்சுதான்னு கேக்குறீங்க. சனம் நெளிய ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி. முன்வரிசையில ஒருத்தர் கொட்டாவி விட்டாரு. அந்தக் கொட்டாவி எனக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளைக் காப்பாத்தத்தான் அடிச்சேன்னு வச்சுக்கோங்களேன். அப்படித்தான் இத்தனை நாளும் வடிவுகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். முல்லை அந்த "மாறுதுன்னா"வோட நின்னுட்டா. என்னைத் திரும்பிப் பாத்தா. நான் கூட்டத்தைப் பாத்தேன். அவ போயி உக்காந்துட்டா.

அப்புறம் தீர்ப்பு. இங்கதான் ஒரு சிக்கல். எங்க ஊர்ல சொந்தக்காரப் பயலுக்குக் கபடியில ஒரு பாயிண்ட் கூடப் போட்டுட்டான்னு ஒரு நடுவரை இன்னிய வரைக்கும் பேசுறாங்க. அவரு செத்தே போயிட்டாரு, இன்னும் பேசுறாங்க. உண்டுன்னு தீர்ப்புச் சொன்னா என்ன சொல்வாங்க? "மக பக்கம் சாஞ்சுட்டான்"ம்பாங்க. இத்தனை வருஷப் பேரு என்னாகுறது? நடுநிலைன்னு ஒண்ணு இருக்குல்ல? மகளா இருந்தாலும் நான் விட்டுக் குடுக்கலன்னு ஊரு சொல்லணும்ல?

அதோட நின்னிருந்தாக் கூடப் பரவாயில்ல. ஒரு ஜோக்கு வந்துச்சு. நாக்கு நுனிக்கு வந்துருச்சு. வந்த ஜோக்கை முழுங்குன சரித்திரமே எனக்குக் கெடையாது. "எங்க முல்லை எடை இருக்கு இருக்குன்னு சொல்லுது. இத்தனை வருஷமா அதைத்தான் தேடுது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடுற நேரத்துல பாதி நேரம், கண்ணுக்குத் தெரியுற ஒரு மாப்பிள்ளையைத் தேடியிருந்தா, இந்நேரம் நான் பேரனைத் தூக்கி எடை பாத்திருப்பேன்!" அப்படின்னு போட்டேன்.

நீங்களும் சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா? வீடியோவுல பாத்ததுதானே, இருந்தும் சிரிப்பு வருது. அப்பக் கூட்டம் எப்படிச் சிரிச்சிருக்கும்! பந்தலே குலுங்குச்சு. சிரிப்பு அடங்குறதுக்குள்ள தீர்ப்பைச் சொல்லிட்டேன். "எடை போட்டுப் பாத்தாச்சு. கைதட்டு 'இல்லை' அணிப் பக்கம்தான் கனம். ஆகவே நியூட்ரினோவுக்கு எடை இல்லை, இல்லை, இல்லவே இல்லை!" அப்படின்னு மணியை அடிச்சு முடிச்சேன்.

முல்லைக்குப் பொன்னாடை போர்த்துனாங்க. வாங்கிக்கிட்டா. கும்பிட்டா. காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிட்டா. அந்தப் பொன்னாடையை மடிச்சு என் மேசை மேல மணிக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அன்னையிலேருந்து என்கூடப் பேச்சு இல்ல. வடிவுகிட்டத்தான் பேசுவா. நான் பக்கத்துல போனா, வடிவு "அப்புறம் பேசுறேன்ம்மா"ன்னு போனை வச்சிருவா. எனக்குக் கோபம் வந்துச்சு. ஒளிவுமறைவு என்னத்துக்கு, கோபம்தான் வந்துச்சு. ஒரு ஜோக்குக்கு இவ்வளவா? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? வீடியோவை எவனோ வெட்டிப் போட்டான், லட்சக்கணக்குல பாத்தாங்க, அதுக்கு நானா பொறுப்பு? அந்த வீடியோவுக்கு அப்புறம் எனக்குக் குடுக்கத் தேதியே மிச்சமில்லாத அளவுக்குக் கூட்டம் வந்துச்சுங்கிறது வேற விஷயம். சில ஊர்ல அந்த ஜோக்கைத் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். சனம் கேக்குதுல்ல.

அப்புறம்தான் வடிவு ஒரு நாள் சொன்னா. முல்லை வெளியூர்ல ஒரு கருத்தரங்குக்குப் போயிருக்கா. பேச எந்திரிச்சிருக்கா. பின்னாடி வரிசையில ஏதோ ரெண்டு பயலுக செல்போன்ல மணிச் சத்தத்தைப் போட்டிருக்கானுக. என் மணிச் சத்தம். அந்த வீடியோவுலேருந்து எடுத்தது. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவ பேசாம உக்காந்துட்டாளாம்.

"ஊருக்குப் பயந்து தீர்ப்புச் சொன்னீங்களே, பிள்ளை மூஞ்சியைப் பாத்தீங்களா?"ன்னு வடிவு கேட்டா. அப்பதான் அண்ணாச்சி, எனக்கு மேலெல்லாம் கூச ஆரம்பிச்சது. மேடையில பேசிக்கிட்டிருக்கப்பத் திடீர்னு வேட்டி அவுந்தா எப்படி இருக்கும்? அப்படி ஒரு கூச்சம், ஆனா ஆளே இல்லாத வீட்டுல. கண்ணாடியைப் பாத்துச் சவரம் பண்ண முடியல. தாடி விட்டுட்டேன். சனம் "புது கெட்டப் நல்லாருக்கு சார்"னுச்சு.

என்ன அண்ணாச்சி? கையைக் காட்டுறீங்க. தண்ணியா? இந்தாங்க, என் பாட்டில்லயே குடிங்க. வேண்டாமா? சரி, முக்கியமான எடம் வருது.

போன வாரம் வடிவு துணிமணி எடுத்து வைக்கிறா. "புதன்கிழமை முல்லைக்கு வைவா. அவ எழுதுன ஆராய்ச்சியைப் பத்திக் கேள்வி கேப்பாங்களாம், எல்லாரும் வந்து கேக்கலாமாம். நீங்க வரணும்னு அவ சொல்லல. வரக் கூடாதுன்னும் சொல்லல"ன்னா. சொல்லிட்டு முன்னாடியே கெளம்பிப் போயிட்டா.

நான் தீர்மானம் பண்ணேன். போறது. கடைசி வரிசையில உக்கார்றது. ஒரு வார்த்தை பேசறதில்ல. அவ பேசுறதை முழுசாக் கேக்குறது. முடிஞ்சதும் அவளைத் தனியாக் கூப்பிட்டு, "அன்னிக்கு அப்பா பண்ணது தப்பும்மா"ன்னு சொல்றது. அவ்வளவுதான் திட்டம். அதுக்குத்தான் இந்தச் சாதாச் சட்டை. தாடியையும் எடுத்தேன்.

இன்னிக்குக் காலையில அவ யுனிவர்சிட்டிக்குப் போனேன். வாசல்ல ஒரு பையன் கையில இந்தப் பலகாரப் பெட்டியைக் குடுத்தான். வைவான்னா பிள்ளைகதான் எல்லாருக்கும் பலகாரம் வாங்கிக் குடுக்கணுமாம், அது வழக்கமாம். "சார் யாரு, எந்தக் காலேஜ்?"ன்னான். என்ன சொல்ல? பொண்ணோட அப்பான்னு சொல்ல வாய் வரல. "பொதுமக்கள்ப்பா"ன்னேன். "பொதுமக்கள் பின்னாடி உக்காரலாம் சார்"ன்னான். போய் உக்காந்தேன். முன்வரிசையில வடிவு. என்னைப் பாத்தா, பாக்காத மாதிரித் திரும்பிக்கிட்டா.

முல்லை இங்கிலீஷ்ல பேசுனா. எனக்கு முக்காவாசி புரியல. ஆனா நிமிந்து நின்னு பேசுனா. எட்டி எட்டிப் பேசல, மைக்கைச் சட்டையிலேயே குத்தியிருந்தாங்க. கேள்வி கேட்டாங்க, பதில் சொன்னா. தெரியாததுக்குத் தெரியாதுன்னா. எனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு. மேடையில தெரியாதுன்னு சொல்லி நான் ஒருத்தரையும் பாத்ததில்ல.

கடைசியில தேர்வாளர், வெளியூர்லேருந்து வந்த அம்மா, வயசானவங்க, சொன்னாங்க. "உங்க அம்மா வந்திருக்காங்களே, அவங்களுக்காகத் தமிழ்ல கொஞ்சம் சொல்லேன்."

முல்லை வடிவைப் பாத்துச் சொன்னா. "அம்மா, சூரியன்லேருந்து ஒரு வகையாக் கெளம்புது. இங்க வந்து சேர்றப்ப வேற வகையா மாறியிருக்கு. மாறுதுன்னா..."

அண்ணாச்சி, என் வலது கை தானா மேசை மேல நகந்துச்சு. மணியே இல்ல அங்க. கை நகருது! இடது கையால அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

"...மாறுதுன்னா அதுக்குன்னு ஒரு நேரம் ஓடுதுன்னு அர்த்தம். எடையே இல்லாதது வெளிச்சத்தோட வேகத்துலதான் போக முடியும். அந்த வேகத்துல போறதுக்கு நேரமே ஓடாது. நேரம் ஓடலைன்னா கெளம்புன மாதிரியேதான் வந்து சேரும். இது வழியில மாறுது. அப்ப அதுக்கு நேரம் ஓடுது. அப்ப அதுக்கு எடை இருக்கு. ரொம்பக் கொஞ்சம். எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியல, ஆனா இல்லைன்னு சொல்ல முடியாது."

அதுதான் அந்த மிச்சம். அவ்வளவு நேரம்தான் ஆச்சு. டீ ஆத்துற நேரம். அதைத்தான் நான் அன்னிக்கு வெட்டுனேன். அடுப்படியில வடிவு வெங்காயம் உரிச்சுக்கிட்டுக் கேட்டதும் இதைத்தான். வடிவு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா.

இதோட நான் எந்திரிச்சு வெளிய வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். தேர்வாளர் அம்மா, "வேற யாருக்காவது கேள்வி உண்டா?"ன்னாங்க. எந்திரிச்சிட்டேன். ஏன் எந்திரிச்சேன்னு தெரியல. "கேள்வி இல்லம்மா..."ன்னேன். அதுக்குள்ள ஒரு பேராசிரியர் என்னைக் கண்டுக்கிட்டாரு. "சார், நீங்க சிரிப்பருவி...? முன்னாடி வாங்க சார், ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னாரு. மைக்கை நீட்டுனாரு அண்ணாச்சி. என்கிட்ட மைக்கை நீட்டுனா நான் என்ன பண்றது?

மன்னிப்புக் கேக்கத்தான் ஆரம்பிச்சேன். சத்தியம். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்"னுதான் ஆரம்பிச்சேன். அறை அமைதியாயிருச்சு. அந்த அமைதி எனக்கு ஆகாது. ஒரு சின்ன ஜோக்குப் போட்டேன். சிரிச்சாங்க. இன்னொண்ணு போட்டேன். மாணவப் பிள்ளைக கைதட்டுச்சு. அவ்வளவுதான், அருவி தெறந்துக்கிச்சு. தகப்பன் பாசம், பெண் கல்வி, தமிழன் அறிவியல்னு எங்கெங்கயோ போனேன். கடைசியில கையை ஓங்கிச் சொன்னேன். "மாரியம்மன் கோயில் மேடையில சொன்ன தீர்ப்பை இந்த அறிஞர் அவையில திருத்தி எழுதுறேன். நியூட்ரினோவுக்கு எடை உண்டு, உண்டு, உண்டு!"

கைதட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. நான் சும்மா சொல்லல, சில பேரு எந்திரிச்சு நின்னே தட்டுனாங்க. நான் முல்லை பக்கம் திரும்புனேன், ஓடி வந்து கட்டிக்கிருவான்னு. அவ திரைக்குப் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்குறா. தேர்வாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பாக்குறாங்க. அவங்க இன்னும் முடிவே சொல்லல அண்ணாச்சி. அவ பாஸா பெயிலான்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் தீர்ப்புச் சொல்லிட்டேன்.

முல்லை சத்தம் போடல. எங்கிட்ட மட்டும் பேசுற மாதிரித்தான் சொன்னா. சட்டையில மைக் இருந்ததால எல்லாருக்கும் கேட்டுச்சு. "அப்பா, அதுக்கு அன்னிக்கும் எடை இருந்துச்சு. நீங்க இல்லைன்னதால குறையல. இப்ப உண்டுன்னதால கூடவும் இல்ல. உக்காருங்கப்பா. நான் இன்னும் முடிக்கல."

உக்காருங்கப்பான்னுதான் சொன்னா. அப்பான்னு சொன்னா, பாத்தீங்களா. இத்தனை மாசம் கழிச்சு அந்தச் சொல்லு கேக்குது, அதுவும் இந்த மாதிரி.

நான் கடைசி வரிசைக்கு நடந்தேன். அவ்வளவு தூரம் நான் வாழ்க்கையில நடந்ததில்ல. முன்னாடி உக்காந்திருந்த பிள்ளை பக்கத்துல இருந்தவகிட்டச் சொல்லுது, "பாவம்டி முல்லையக்கா, இங்கயும் வந்துட்டாரு." இருக்க முடியல. பின்வாசல் வழியா வெளிய வந்துட்டேன். ஆட்டோ பிடிச்சேன், பஸ் ஏறுனேன், உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். அவ பாஸாயிட்டாளான்னு கூட எனக்குத் தெரியாது. இந்தப் பெட்டியைப் பிரிக்கக் கூட இல்ல. சமோசா வாசம் வருது. நீங்க எடுத்துக்கோங்க, என் கையால அதைத் தின்ன எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

சொல்லுங்க அண்ணாச்சி, தப்பு யாரு பேர்ல? நீங்கதான் நடுவர். சொல்லுங்க.

என்னது?

துவரங்குறிச்சியா? துவரங்குறிச்சி போயி நேரமாச்சே, இப்பக் கொட்டாம்பட்டி வரப்போவுது. நீங்க துவரங்குறிச்சியில எறங்கணுமா? அதைச் சொல்லத்தான் அப்பலேருந்து வாயெடுத்தீங்களா? கையைக் காட்டுனது அதுக்கா? அட கடவுளே. டிக்கெட்டைக் கூடக் காட்டுனீங்களா? நான் தண்ணி பாட்டிலையில்ல நீட்டுனேன். அய்யோ. கண்டக்டர் தம்பி! இங்க ஒருத்தர் எறங்கணும்ப்பா! நிறுத்த மாட்டீங்களா? கொட்டாம்பட்டிதானா?

மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நீங்க பரவாயில்லங்கிறீங்க. பரவாயில்லன்னு சொல்லாதீங்க. முல்லையும் அப்படித்தான் பேசாமயே இருந்தா. திட்டுங்க. எதிர்த்தாப்புல பஸ் வரும், நான் ஏத்தி விடறேன், நானும் கூட எறங்குறேன். இல்ல, நான் வந்தா வழியெல்லாம் பேசுவேன். நீங்க தனியாவே போங்க.

இருங்க, போன் அடிக்குது. வடிவாத்தான் இருக்கும், திட்டுறதுக்கு...

முல்லை.

அண்ணாச்சி, முல்லை. அவ நம்பர். பங்குனிக்கு அப்புறம் இந்தப் பேரு இதுல வந்ததே இல்ல. என்ன சொல்லட்டும்? முதல்ல மன்னிப்புன்னு சொல்லட்டுமா, இல்ல பாஸாயிட்டியான்னு கேக்கட்டுமா, இல்ல... நீங்க என்னமோ சொல்றீங்க. சொல்லுங்க. இந்தத் தடவை கேக்குறேன், சொல்லுங்க.

ஒண்ணும் சொல்ல வேணாமா?

சரி.

ஹலோ. ஆமா, அப்பாதான். முல்லை, அப்பா வந்து...

இல்ல, இல்ல. நீ சொல்லு. நீ சொல்லி முடி.

ம்.

ம்.

ம்...